கழற்றிய கவசமும் கழலாக் கடமையும்

முன்னுரை

ஒரு பொருளைப் பெறுவதில் காட்டும் அக்கறையை அதனை நீக்குவதில் மனிதர் காட்டுவதில்லை. வாங்கும்போது விலை கேட்கிறோம்; தரம் பார்க்கிறோம்; நிறம் தேர்கிறோம். பயன் முடிந்தபின் அப்பொருள் எங்குச் செல்கிறது, யார் கையில் சேர்கிறது என்று கேட்பதில்லை. இக்கேளாமை நம்மிடம் நெடுங்காலமாக இருந்து வருவதே. ஆயினும் கொரோனாப் பெருந்தொற்று அதனை ஊரறியக் காட்டிவிட்டது. உயிர் காக்கவென்று அணியப்பட்ட முகக்கவசம் மறுநாள் தெருவோரத்தில் கிடந்தது. கையுறை கால்வாயில் மிதந்தது.

உலக நலவாழ்வு நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கொரோனாவைப் பெருந்தொற்று என அறிவித்தது. 2023 மே 5 அன்று உலகளாவிய நலவாழ்வு நெருக்கடி நீங்கியது எனக் கூறியது. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் கடலூர், சிதம்பரம் ஆகிய இரு நகரங்களில் நாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் அடிப்படையாகக் கொண்டு, பயன்படுத்திய பாதுகாப்புக் கவசங்களை நீக்குவதில் மக்களுக்குள்ள மனப்பான்மையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். மனப்பான்மை சொல்லில் உறைகிறது. சொல்லை ஆராய்தல் நம் துறையின் தொழில். ஆதலின் சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

சொல்லும் மனமும்

பெருந்தொற்றுக்கு முன்னர் முகத்தை மறைக்கும் பொருளைத் தமிழர் பெரும்பாலும் 'முகமூடி' என்றனர். அச்சொல்லைக் கேட்டவுடன் கொள்ளையன் முகமோ கூத்தாடியின் வேடமோதான் நினைவுக்கு வரும். 2020ஆம் ஆண்டில் அரசு அறிவிப்புகளும் நாளிதழ்களும் 'முகக்கவசம்' என்னும் சொல்லை ஊரெங்கும் பரப்பின. மறைத்தல் என்னும் பொருள் பின்னடைந்து, காத்தல் என்னும் பொருள் முன்வந்தது. சொல் மாறியதும் பொருளின் மதிப்பும் உயர்ந்தது.

கவசம் வடசொல். அதற்கு நிகராகப் பழந்தமிழில் 'மெய்ம்மறை' என்னும் சொல் உண்டு. பதிற்றுப்பத்து இச்சொல்லைச் சேர மன்னனுக்கே உரிமையாக்குகிறது. வீரர்களுக்கு முன்னே நின்று, அவர்கள்மேல் வரும் தாக்குதலைத் தான் ஏற்பவன் என்பதால் மன்னனே மெய்ம்மறை எனப்பட்டான். எனவே கவசம் என்பது அணிந்தவரை மட்டும் காப்பது என்று நம் முன்னோர் கருதவில்லை. பிறர்க்காக முன்னிற்பதையும் அச்சொல்லால் சுட்டினர். முகக்கவசத்தின் இயல்பும் இதுவே. அணிந்தவரின் மூச்சுத் துளி பிறர்மேல் படாமல் தடுப்பது அதன் தலையாய பயன்களுள் ஒன்று.

ஆனால் முகத்தில் இருக்கும்வரை கவசமாக இருந்தது, கழற்றிய நொடியிலேயே வேறொரு சொல்லுக்குள் புகுந்துவிடுகிறது. அச்சொல் 'எச்சில்' என்பதாகும். எஞ்சு, எச்சம், எச்சில் என்பன ஓரினச் சொற்கள். எஞ்சியது என்பதே அடிப்படைப் பொருள். உணவில் எஞ்சியது, வாயில் பட்டது என விரிந்து, பிறர் தொடத் தகாதது என்னும் பொருளை அது அடைந்தது. தன் எச்சில் தனக்கு அருவருப்பன்று. தன்னை விட்டு நீங்கியதும் தனக்கே அருவருப்பாகிறது. ஆகவே அதனைக் கையில் வைத்திருக்க விரும்பாது உடனே எறிகிறான். எறிந்ததைத் தூய்மைச் செயலாகவும் எண்ணிக்கொள்கிறான். நம் நகரத் தெருக்களில் கிடந்த கவசங்களில் பெரும்பாலானவை தூய்மையை வெறுத்தவர் எறிந்தவை அல்ல. தம்மளவில் தூய்மை பேணியவர் எறிந்தவையே.

மருத்துவமனையிலிருந்து தெருவுக்கு

முகக்கவசத்தின் வரலாறும் இங்குச் சுருக்கமாக அறியத் தக்கது. பினாங்கில் 1879ஆம் ஆண்டில் பிறந்த மருத்துவர் ஊ லியன் தே, 1910-11ஆம் ஆண்டுகளில் மஞ்சூரியாவில் நுரையீரலைத் தாக்கும் கொள்ளைநோய் பரவியபோது, மென்துணியும் பஞ்சும் அடுக்கிய எளிய கவசத்தை மருத்துவர்க்கும் பணியாளர்க்கும் வலியுறுத்தினார். அது பருத்தியால் ஆனது. இன்று நாம் அணிந்து எறியும் நீலநிறக் கவசமோ துணியும் அன்று, தாளும் அன்று. அதன் மூன்று அடுக்குகளும் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்னும் நெகிழியை உருக்கி இழையாக்கிப் படியவைத்தவை. மூக்கின்மேல் பொருந்தும் கம்பியும் காதில் மாட்டும் மீள்கயிறும் அதனுடன் சேர்ந்தவை. பார்வைக்குத் துணிபோல் இருப்பதால், மழையில் நனைந்து மட்கிவிடும் என்று பலர் கருதினர். அது மட்குவதில்லை. வெயிலில் நைந்து, நுண்ணிழைகளாகப் பிரிந்து, மண்ணிலும் நீரிலும் நெடுங்காலம் தங்குகிறது.

இத்தகைய ஒருமுறைக் கவசம் முன்பு மருத்துவமனைக்குள் வாழ்ந்த பொருள். அங்கு அதனை நீக்குவதற்கு ஒழுங்கு உண்டு. இந்தியாவில் மருத்துவக் கழிவுகளுக்கான விதிகள் முதன்முதலில் 1998இல் வந்தன. 2016இல் புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. முகக்கவசம் மஞ்சள் பையில் சேர வேண்டும். கையுறை சிவப்புப் பையில் சேர வேண்டும். ஊசி முதலிய கூரிய பொருள்கள் துளைபடாத வெள்ளைக் கலத்திலும், கண்ணாடிப் பொருள்கள் நீலநிறப் பெட்டியிலும் இடப்பட வேண்டும். நிறத்தைக் கண்டே, உள்ளிருப்பது எத்தகையது என்பதை எடுப்பவர் அறிவார்.

2020இல் நேர்ந்தது யாதெனின், மருத்துவமனையின் பொருள் ஒரே திங்களில் தெருவுக்கு வந்தது. மருத்துவமனையின் ஒழுங்கு அதனுடன் வரவில்லை. பள்ளி ஆசிரியரும் மீன் விற்பவரும் பேருந்து நடத்துநரும் அதனை அணிந்தனர். அணியும் முறை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாள்தோறும் கற்பிக்கப்பட்டது. தொலைப்பேசியில் அழைத்தால்கூட அறிவுரை ஒலித்தது. நீக்கும் முறை அவ்வளவு உரக்கக் கற்பிக்கப்படவில்லை. ஐக்கிய நாடுகள் அவையின் கூட்டு ஏற்பாட்டின்வழி மட்டும் 2020 மார்ச்சு முதல் 2021 நவம்பர் வரை ஏறத்தாழ 87,000 டன் பாதுகாப்புக் கவசப் பொருள்கள் நாடுகளுக்கு அனுப்பப்பட்டன என உலக நலவாழ்வு நிறுவனம் 2022 பிப்ரவரியில் தெரிவித்தது. பொதுமக்கள் கடையில் வாங்கி எறிந்த கவசங்கள் அக்கணக்கில் சேராதவை.

இரு நகரங்களின் காட்சி

கடலூர் மாவட்டம் பெருந்தொற்றின் அச்சத்தைத் தொடக்கத்திலேயே அறிந்தது. 2020 மே முதல் வாரத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியோரிடையே தொற்று கண்டறியப்பட்டு, ஒரே நாளில் 100க்கும் மேற்பட்டோர் இம்மாவட்டத்தில் நோயாளராக அறிவிக்கப்பட்டனர். அன்றிலிருந்து முகக்கவசமின்றி வாயிலைத் தாண்ட மக்கள் அஞ்சினர். நியாயவிலைக் கடைகளின்வழித் தமிழக அரசு அவ்வாண்டில் துவைத்து அணியத்தக்க துணிக் கவசங்களை வழங்கியது. ஆயினும் மலிவும் எளிமையும் கருதி ஒருமுறைக் கவசமே வழக்கில் மேலோங்கியது.

கடலூரில் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும், சிதம்பரத்தில் நான்கு தேர்வீதிகளிலும் அண்ணாமலை நகர்ச் சாலையிலும் கவசங்கள் கிடந்த இடங்களை உற்றுநோக்கின் ஓர் ஒழுங்கு புலப்படும். அவை எங்கும் ஒன்றுபோல் சிதறிக் கிடக்கவில்லை. தேநீர்க் கடை எதிரில் மிகுதி. மருந்துக் கடை வாயிலில் மிகுதி. பேருந்து நிறுத்தத்தில் மிகுதி. தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுண்டலும் மீன் வறுவலும் விற்கும் இடங்களைச் சூழ மிகுதி. எங்கெல்லாம் மக்கள் வாயைத் திறக்க வேண்டுமோ அங்கெல்லாம் கவசம் கழன்றது. கழன்ற இடத்திலேயே வீழ்ந்தது. மருந்துக் கடையிலோ பழையது வீழ்ந்த இடத்திலேயே புதியது வாங்கப்பட்டது. தொட்டி வைக்க வேண்டிய இடம் எது என்பதை எறிந்தவர்களே இவ்வாறு சுட்டிக்காட்டியிருந்தனர் எனலாம்.

மனப்பான்மை நால்வகை

உற்றாரிடமும் அண்டை வீட்டாரிடமும் கடைக்காரரிடமும் மாணவரின் பெற்றோரிடமும் உரையாடியபோது பெற்ற மறுமொழிகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது அச்சம். "அதில் கிருமி இருக்கும், வீட்டுக்குள் எப்படிக் கொண்டுபோவது?" என்பது இவர்கள் கேள்வி. தன் மூச்சில் இருந்தது தன் வீட்டுக்கு ஆகாது. தெருவுக்கு ஆகும் என்பது இதன் உட்பொருள். வீடு தனது, தெரு எவருடையதும் அன்று என்னும் எண்ணமே இவ்வச்சத்துக்கு வழிகாட்டுகிறது.

இரண்டாவது அயன்மை. "எடுப்பதற்குத்தான் ஆள் இருக்கிறார்களே" என்பது இதன் சுருக்கம். இக்கூற்றில் 'ஆள்' என்னும் சொல்லைக் கவனித்தல் வேண்டும். அவர் பெயர் அறியோம். அவர் வீடு அறியோம். அவருக்கும் மூச்சு உண்டு என்பதை மறந்தோம். தமிழக அரசு 2020ஆம் ஆண்டில் 'துப்புரவுப் பணியாளர்' என்னும் பெயரை மாற்றித் 'தூய்மைப் பணியாளர்' என அழைக்கச் செய்தது. பெயர் உயர்ந்த அதே ஆண்டில்தான் அவர்கள் கையில் நம் எச்சில் கவசங்கள் மிகுதியாக வந்து வீழ்ந்தன. சொல் மாற்றம் நல்லதே. ஆயினும் மனம் மாறாதவரை சொல் வெறும் ஒலியே.

மூன்றாவது ஊர்ப்பழக்கம். "எல்லாரும் போடுகிறார்கள், என் ஒன்றினால் என்ன ஆகிவிடும்?" என்பவர் பலர். ஒரு கவசம் கிடக்கும் இடத்தில் இரண்டாவது கவசம் கூச்சமின்றி வீழ்கிறது. பெருக்கிக் கோலமிட்ட வாயிலில் எறிய எவருக்கும் கை எழுவதில்லை. முதலாவது கவசத்தை எறிந்தவரே பின்வந்த அனைவருக்கும் ஆசிரியராகிவிடுகிறார்.

நான்காவது வசதியின்மை. "தொட்டி எங்கே இருக்கிறது?" என்று கேட்டவர்களைக் குறைகூற இயலாது. வீடுதோறும் வந்து கழிவு பெறும் முறை வந்தபின் தெருத்தொட்டிகள் பல இடங்களில் அகற்றப்பட்டன. வீட்டில் உள்ளவர்க்கு அது நன்மை. வழிப்போக்கரும் வெளியூரிலிருந்து மருத்துவமனைக்கு வந்தவரும் கையில் உள்ளதை எங்கே இடுவர்? இந்நான்கனுள் இஃது ஒன்றே நிருவாகத்தால் தீரக்கூடியது. ஏனைய மூன்றும் நம்மால் தீர வேண்டியவை.

எடுக்கும் கை

இவ்வாறு பிறர் மனப்பான்மையை வகைசெய்யும் நாம், நம்மையும் அவ்வகைக்குள் நிறுத்திப் பார்த்தல் நேர்மையாகும்.

2021 மே திங்களில், இரண்டாம் அலையின்போது, நம் தாயார் வீட்டிலேயே தனிமையில் இருந்து நோய்க்கு மருத்துவம் பெற்றார். கவசங்களும் கையுறைகளும் சளி துடைத்த துணிகளும் நாள்தோறும் சேர்ந்தன. நோயாளர் உள்ள வீட்டின் இத்தகைய கழிவை மஞ்சள் பையில் தனியே இட்டு, உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அப்போதிருந்த நெறிமுறை. நாம் அதனைப் படித்திருந்தோம். எனினும், நோய் இருப்பது தெருவுக்குத் தெரிந்துவிடுமோ என்னும் கூச்சத்தால், அனைத்தையும் சமையற் கழிவோடு ஒரே பையில் இட்டு, வாயும் சரியாகக் கட்டாமல் விடியுமுன் வெளியே வைத்தோம். நாய்கள் பையைக் கிழித்தன. நாள்தோறும் நம் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரான அம்மையார் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கியதைச் சாளரத்தின் வழியே கண்டோம். அவர் அணிந்திருந்த கையுறையில் இரண்டு விரல்கள் கிழிந்து வெளியே தெரிந்தன. நாம் கதவைத் திறக்கவில்லை.

சில நாள்களில் அவர் வரவு நின்றது. வேறொருவர் வந்தார். ஏன் என்று கேட்க நமக்குத் துணிவில்லை. மூன்று வாரம் கழித்து அவர் மெலிந்து திரும்பி வந்தார். நலம் கேட்டோம். "ஜொரந்தான் சார், இப்பத் தேவல" என்றார். பிறகு வண்டியை நகர்த்தியவர் நின்று, "அம்மாவுக்கு முடியலன்னு அப்பவே தெரியும் சார். அதத் தனியாக் கட்டி மேல ஒரு அடையாளம் வெச்சிருந்தா, நான் பாத்துப் பதனமா எடுத்திருப்பேன்" என்று கூறிச் சென்றார்.

அவர் காய்ச்சலுக்கு நம் பைதான் காரணமா என்பதை இனி எவரும் கூற இயலாது. கொரோனாத் தீநுண்மி காற்றின் வழியே பரவுவதை நோக்க, பொருள்களின் மேற்பரப்பின் வழியே பரவுவது மிகக் குறைவு என ஆய்வாளர் பின்னர்த் தெளிந்தனர். அவர் எங்கும் தொற்றுப் பெற்றிருக்கலாம். இவ்வறிவியல் உண்மை நம் அச்சத்தைக் குறைக்கிறது. நம் குற்றத்தைக் குறைக்கவில்லை. ஏனெனில் பையைக் கட்டாமல் வைத்த அன்று நாம் இவ்வாய்வை அறிந்திருக்கவில்லை. ஆபத்து உண்டு என்று நம்பிக்கொண்டேதான் அதனை அவர் கையில் விட்டோம். அன்றியும் காசநோய், மஞ்சட்காமாலை முதலிய வேறு நோய்களின் கழிவுகளும் ஊசிகளும் அதே பைகளில், அதே கைகளுக்குத்தான் நாள்தோறும் செல்கின்றன.

அவர் கேட்டது உதவித்தொகை அன்று, மன்னிப்பும் அன்று. ஓர் அடையாளம் மட்டுமே. மருத்துவமனையில் மஞ்சளும் சிவப்பும் எதற்காக உள்ளனவோ அதனையே அவர் தம் மொழியில் கேட்டார். மராட்டிய மாநிலம் புனே நகரில் கழிவு சேகரிப்போரின் கூட்டுறவு அமைப்பான 'சுவச்', பெருந்தொற்றுக்கு முன்பே இத்தகைய வேண்டுகோளை ஊர்மக்கள்முன் வைத்திருந்தது. மாதவிடாய்த் துணுக்குகளைத் தாளில் சுற்றி, மேலே ஒரு சிவப்புப் புள்ளி இட்டுத் தாருங்கள் என்பதே அவ்வேண்டுகோள். புனேயில் அமைப்பாகக் கூடிக் கேட்டதை நம் தெருவில் ஒருவர் தனியே நின்று கேட்டார்.

கழற்றும் கலை

கழற்றுவதில் உள்ள பொறுப்பை நன்கு உணர்ந்தோரும் நம்மிடையே இருந்தனர். பெருந்தொற்றில் இறந்தோரைத் தொட உறவினரும் அஞ்சிய நாள்களில், தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் முதலிய அமைப்புகளின் தொண்டர்கள் சாதி சமய வேறுபாடின்றி அவர்களை அடக்கம் செய்தனர். அப்பணியில் ஈடுபட்ட நம் பழைய மாணவர் ஒருவர் கூறியது நினைவிற் கொள்ளத்தக்கது. முழுவுடற் கவசத்தை அணிவது எளிதாம். வெயிலில் அதனுள் வெந்து நிற்பதும் பழகிவிடுமாம். கழற்றும்போதுதான் நெஞ்சு அடித்துக்கொள்ளுமாம். வெளிப்புறம் உடலில் படாமல் உள்ளே மடித்துச் சுருட்ட வேண்டும். ஒவ்வொரு படியிலும் கையைத் தூய்மை செய்ய வேண்டும். சுருட்டியதைப் பையில் இட்டுக் கட்டிய பின்னரே அவ்விடம் விட்டு நீங்க வேண்டும். "அடக்கம் செய்ததோடு வேலை முடியவில்லை ஐயா, பையைக் கட்டியபின்தான் முடிந்தது" என்றார் அவர்.

மருத்துவ அறிஞரும் கவசம் அணிதலினும் கழற்றுதலே கவனத்துக்குரியது என்பர். களத்தில் நின்ற அம்மாணவர் பட்டறிவால் பெற்ற இவ்வறிவைத் தேநீர்க் கடை வாயிலில் நிற்கும் நாமும் பெற்றிருத்தல் வேண்டும்.

தில்லை மரமும் திரும்பி வந்த நீரும்

எறிந்த பொருள் தெருவோடு நின்றுவிடுவதில்லை. சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை என்பதை அனைவரும் அறிவர். தில்லை என்பது உவர்நீர்க் கரையில் வளரும் ஒரு மரம். அதன் பால் கண்ணில் பட்டால் கேடு விளைக்கும். ஒரு காலத்தில் அம்மரக்காடு சூழ்ந்திருந்ததால் ஊர் அப்பெயர் பெற்றது என்பர். இன்று அம்மரத்தைக் காண ஊருக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையேயுள்ள பிச்சாவரத்துக்குச் செல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டில் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக, இராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அலையாத்திக் காடு அது. நகரத்துப் பக்கமிருந்து வரும் கான்சாகிப் வாய்க்காலின் நீரும் அங்குச் சேர்கிறது. அலையாத்தி மரங்களின் வேர்கள் வலைபோன்றவை. அலையைத் தடுப்பதுபோலவே மிதந்து வரும் நெகிழியையும் தடுத்து நிறுத்திக்கொள்கின்றன. ஊருக்குப் பெயர் தந்த மரத்துக்கு ஊர் திருப்பி அனுப்பும் பொருளாக நம் கவசம் அமைதல் தகுமா? கடலூரிலும் கெடில ஆறு கடலை நோக்கியே செல்கிறது. 2020ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 156 கோடி முகக்கவசங்கள் உலகக் கடல்களில் சேர்ந்திருக்கலாம் என ஆங்காங்கிலுள்ள 'ஓஷன்ஸ் ஏசியா' என்னும் அமைப்பு மதிப்பிட்டது.

நீர் கொண்டுசெல்வது மட்டுமன்று, திருப்பியும் தருகிறது. 2020 திசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயலையொட்டிப் பெய்த பெருமழையில் சிதம்பரம் நகரை நீர் சூழ்ந்தது. நடராசர் கோயிலுக்குள்ளும் நீர் தேங்கியது. அந்நாள்களில் தெருநீர் வீட்டுப் படியேறியபோது, அதில் மிதந்து வந்தவற்றுள் நீலநிறக் கவசங்களும் இருந்ததைக் கண்டோம். வீட்டுக்கு ஆகாது என்று தெருவில் விட்டதை மழை வீட்டுக்கே கொண்டுவந்து சேர்த்தது.

சட்டமும் அதன் எல்லையும்

நாட்டிலேயே முன்னோடி எனப் போற்றப்படும் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. 2020 செப்டம்பரில் அச்சட்டத்தில் திருத்தம் கொண்டுவரப்பட்டு, முகக்கவசம் அணியாதவர்க்கு 200 ரூபாயும் பொதுவிடத்தில் எச்சில் துப்புவோர்க்கு 500 ரூபாயும் தண்டம் விதிக்கப்பட்டது. 2022 சனவரியில் கவசம் அணியாமைக்கான தண்டமும் 500 ரூபாயாக உயர்ந்தது. அணியாத முகங்களைத் தேடித் தண்டம் பெற்றதைப் பலமுறை கண்டோம். கழற்றி எறிந்தவரை நிறுத்தி எவரும் கேட்டதை ஒருமுறையும் நாம் கண்டதில்லை. எச்சில் துப்பினால் குற்றம். எச்சில் தோய்ந்த கவசத்தை எறிந்தால் வழக்கம் என்றாயிற்று.

விதி இல்லாமல் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 சூலையில் வெளியிட்ட நெறிமுறையில், பொதுமக்கள் தாம் பயன்படுத்திய முகக்கவசத்தையும் கையுறையையும் தாள்பையில் குறைந்தது 72 மணிநேரம் வைத்திருந்து, பின்னரே பொதுக்கழிவோடு சேர்க்க வேண்டும் எனவும், கவசத்தை வெட்டிவிடுதல் நலம் எனவும் கூறியது. வெட்டுவது எதற்கு என்னும் வினாவுக்கு மராட்டியத்தின் சல்காவ் மாவட்டம் விடை தந்தது. எறியப்பட்ட முகக்கவசங்களைப் பஞ்சுக்கு மாற்றாக அடைத்து மெத்தை செய்த ஒரு தொழிற்கூடத்தை 2021 ஏப்பிரலில் அங்குக் காவல்துறையினர் கண்டுபிடித்தனர். எறிந்தவரின் மூச்சு எவருடைய தலையணைக்கோ சென்றிருக்கும்.

ஆயினும் சட்டம் தெருவுக்குள் வரலாம். சமையலறைத் தொட்டிவரை வர இயலாது. அங்கு வருவது பழக்கம் மட்டுமே.

செய்யத் தக்கன

பெருந்தொற்று நீங்கிவிட்டது, இனி இவ்வாராய்ச்சி எதற்கு எனலாம். தெருவில் முகக்கவசம் இன்று அரிது. ஆனால் நீரிழிவு நோயாளர் வீட்டில் பயன்படுத்தும் இன்சுலின் ஊசியும், குழந்தைகளும் முதியோரும் அணியும் ஒருமுறை உள்ளாடையும், மாதவிடாய்த் துணுக்கும், சோதனைக்குக் குத்திய குருதி தோய்ந்த பஞ்சும் நாள்தோறும் வீடுகளிலிருந்து வெளியேறுகின்றன. பொருள் மாறிற்று, எறியும் மனம் மாறவில்லை. எனவே பின்வருவனவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

1. நோயற்றோர் கூட்டமுள்ள இடங்களுக்குச் செல்லும்போது துவைத்து அணியத்தக்க துணிக் கவசம் போதுமெனில் அதனையே கொள்ளுதல்.

2. ஒருமுறைக் கவசத்தைக் கழற்றியதும் காதுக்கயிறுகளை அறுத்து, இரண்டாக வெட்டி, பழைய செய்தித்தாளில் சுற்றி, வாயை ஒட்டி, மேலே சிவப்பு மையால் ஒரு புள்ளி இடுதல். வழியில் கழற்ற நேர்ந்தால் அதற்கெனப் பையில் ஒரு தாளுறை வைத்திருத்தல்.

3. ஊசிகளைத் தடித்த நெகிழிக் குப்பியில் இட்டு, மூடி இறுக்கி, அதன்மேலும் புள்ளி இட்டுத் தூய்மைப் பணியாளர் கையில் நேரே கொடுத்தல். ஒருபோதும் பிற கழிவோடு கலவாதிருத்தல்.

4. மருந்துக் கடை, தேநீர்க் கடை, திருமண மண்டபம், வழிபாட்டிடம் ஆகியவற்றின் வாயிலில் மூடியுள்ள தொட்டி வைத்தல். பள்ளிவாசல் சமாஅத்தார் வெள்ளிக்கிழமை உரையில் இதனை நினைவூட்டின் பயன் மிகும்.

5. தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரின் பெயரை அறிந்து, பெயர் சொல்லி அழைத்தல்.

ஐந்தாவது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் முன்னைய நான்கும் அதிலிருந்தே பிறக்கும். பெயர் அறிந்தவர் கையில் எவரும் ஊசியை எறியமாட்டார். நம் தெருவுக்கு வரும் அம்மையாரின் பெயரை, அவர் பத்தாண்டுகளாக வந்துகொண்டிருந்தும், 2021 சூன் திங்களில்தான் நாம் கேட்டறிந்தோம் என்பதை நாணத்துடன் இங்குப் பதிவுசெய்கிறோம்.

முடிவுரை

வழியில் கிடக்கும் இடர்தரும் பொருளை அகற்றுதலை இறைநம்பிக்கையின் கிளைகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அகற்றுவது நம்பிக்கையின் கிளை எனின், நாள்தோறும் நம் வழிகளிலிருந்து இடரை அகற்றுவோர் எத்துணைச் சிறப்புடையோர் என்பதையும், இடரை இடுவோர் எந்நிலையினர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் தோன்றி, வடலூரில் பசித்தோர்க்கு அடுப்பு மூட்டிய வள்ளலார் வாழ்ந்த மண்ணும் இதுவே. பிறர் துன்பத்தைத் தம் துன்பமாக உணரும் நெறி இம்மாவட்டத்தார்க்குப் புதிதன்று.

மன்னனை மெய்ம்மறை என்ற பழந்தமிழர் பிறர்க்காக முன்னிற்பதையே கவசத்தின் இலக்கணமாகக் கொண்டனர். அவ்விலக்கணப்படி, முகத்திலிருந்து இறங்கிய பின்னும் கவசத்தின் கடமை முடிவதில்லை. அதனை எடுக்கும் கை காக்கப்படும்வரை அது தொடர்கிறது. கவசம் கழலும், கடமை கழலாது. இன்று மாலை நம் வீட்டுக் கழிவைக் கட்டும்போது ஒரு தாளும் ஒரு சிவப்புப் புள்ளியும் அதில் சேருமாயின் இக்கட்டுரை எழுதியதன் பயனை நாம் பெற்றவராவோம்.